ஆறாவது விரலும் கிரகணமும்

வலப்பனைப் பக்கத்துத் தோட்ட லயமொன்றில் குழந்தை ஆறு விரலோடு பிறந்தால், முதல் கேள்வி தாயிடம்தான் போகும்: "கிரகணத்தன்னிக்கு வெளிய போனியா? கத்தி கித்தி எடுத்தியா?" வடக்கு கிழக்கிலும் இந்தக் கேள்வி புதிதல்ல.

கருத்தரித்து நான்காவது வாரக் கடைசியில் முளையத்தின் பக்கவாட்டில் கை ஒரு சிறு மொட்டாக அரும்புகிறது. அந்த மொட்டில் சின்னவிரல் வரவேண்டிய ஓரத்துக் கலங்கள் ஒரு புரதத்தைச் சுரக்கின்றன. தேயிலைத் தொழிற்சாலையின் வாசனை வாசலில் கனமாகவும் மலையேற ஏற மெலிந்தும் வருமல்லவா? அதுபோல இந்தப் புரதமும் ஓரத்தில் செறிவாகவும் பெருவிரல் பக்கம் போகப்போகக் குறைந்தும் பரவுகிறது. இதுவே செறிவுப் படித்திறன். தன்னை எட்டிய அளவையும், எவ்வளவு நேரம் அது எட்டியது என்பதையும் கொண்டு ஒவ்வொரு கலமும் தன் இடத்தை அறிகிறது. எட்டாவது வாரத்துக்குள் விரல்கள் பிரிந்துவிடும்.

1968இல் அமெரிக்காவின் ஜோன் சோண்டர்ஸும் மேரி காஸெலிங்கும் கோழி முளையத்தின் சிறகு மொட்டில் பின் ஓரத் துண்டொன்றை வெட்டி, இன்னொரு மொட்டின் முன் ஓரத்தில் ஒட்டினார்கள். மூன்று விரலோடு வளரவேண்டிய சிறகில், கண்ணாடியில் தெரிவதுபோல எதிர்ப்பக்கத்திலும் விரல்கள் முளைத்தன. அந்தத் துண்டு சுரக்கும் புரதம் 1993இல்தான் தெரியவந்தது. அதன் பெயர் சோனிக் ஹெட்ஜ்ஹொக். கணினி விளையாட்டுப் பாத்திரமொன்றின் பெயர்!

சில குடும்பங்களில் இந்தப் பரம்பரையலகை இயக்கும் ஆளிப் பகுதியில் ஓர் எழுத்து மாறியிருக்கும். அந்த ஆளி, பரம்பரையலகிலிருந்து ஏறத்தாழ பத்து இலட்சம் எழுத்துகள் தள்ளி இருக்கிறது. மாறினால் பெருவிரல் பக்கமும் புரதம் சுரந்து, அங்கே கூடுதல் விரல் வரும். சின்னவிரல் பக்கத்து ஆறாம் விரலுக்குப் பெரும்பாலும் வேறு பரம்பரையலகுகள் காரணம். இந்த மாற்றம் தகப்பன் வழியாகவும் வரலாம். அவரிடம் யாரும் கிரகணத்தைப் பற்றிக் கேட்பதில்லை.

கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. விற்றமின் ஏயிலிருந்து உடல் ஆக்கும் ரெட்டினோயிக் அமிலமும் முளையத்தில் இப்படிப் படித்திறனாகப் பரவும் சமிக்ஞைதான். முகப்பருவுக்கு விழுங்கும் ஐசோட்ரெட்டினோயின் குளிசை அதன் நெருங்கிய உறவு. கர்ப்பத்தில் அது சேர்ந்தால் சிசுவின் காது, இதயம், மூளை பழுதடையலாம். பிள்ளைக்கு எண்ணியிருப்பவர்கள் வைத்தியரிடம் சொல்லி, குறைந்தது ஒரு மாதம் முன்பே நிறுத்தவேண்டும். தெரியாமல் எடுத்துவிட்டால், தெரிந்த அன்றே நிறுத்திவிட்டு கிளினிக்குக்குப் போய் மறைக்காமல் சொல்லுங்கள்.