வார்ப்பிலேயே பெயர் கொண்ட கப்பல் மணி

நியூசிலாந்தின் வட பகுதியில், வங்காரேக்கு அருகில், மாவோரி மக்கள் உருளைக்கிழங்கு வேகவைத்துவந்த வெண்கலக் கலம் ஒன்றை 1836ஆம் ஆண்டளவில் சமயப் பணியாளர் வில்லியம் கொலென்சோ கண்டார். அஃது உடைந்த கப்பல் மணியின் மேற்பகுதி. இன்று வெலிங்டன் தே பாப்பா அருங்காட்சியகத்தில் உள்ளது.

விளிம்பைச் சுற்றிய தமிழ் வரி, அதனை முகைதீன் பக்சு என்பாரின் கப்பலுக்குரிய மணி எனக் குறிக்கிறது. எழுத்துகள் புடைப்பாக உள்ளமை கருதத்தக்கது. வாங்கிய மணியில் பின்னர் உளியால் வெட்டினால் எழுத்து குழிவாகவே அமையும். புடைப்பெழுத்தோ உலோகத்தை ஊற்றுமுன்பே அச்சில் இடம்பெற்றிருக்க வேண்டும். எனவே இம்மணி ஆயத்தமாக இருந்தவற்றுள் தேர்ந்தெடுத்ததன்று. பெயர் சொல்லிச் செய்வித்தது. உப்புக்காற்றில் இரும்பு விரைவில் துருவேறும். செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலம் நெடுநாள் நிற்கும். ஓசை வேறு தெளிவாக இருக்கும்.

ஐரோப்பியருக்கு முன்பே தமிழர் நியூசிலாந்தை அடைந்தமைக்கு இதனைச் சான்றாகக் காட்டுவோர் உளர். அம்முடிவின் சுமையை இம்மணி தாங்காது. கைவிடப்பட்ட கப்பல் நீரோட்டத்தில் சென்று ஒதுங்கியிருக்கலாம். மணி மட்டும் கைமாறிப் பிற கப்பலில் போயிருக்கலாம். கடற்பயணத்தைவிட வார்ப்புப் பட்டறையைப் பற்றியே இம்மணி உறுதியாகப் பேசுகிறது: அங்கே ஒரு முசுலிம் கப்பலுடைமையாளர் தம் பெயரைத் தமிழெழுத்தில் வார்க்கச் சொன்னார்.