கடல் கடந்த பிள்ளையைக் காணச் செல்லுதல்

கடல் கடந்து கற்கச் சென்ற பிள்ளை தன் தாய் தந்தையரை அந்நாட்டுக்கு அழைத்து, விமான நிலைய வாயிலில் நின்று வரவேற்பது பெருஞ் செல்வர்க்கே உரிய பேறென முன்னாளிற் கருதப்பட்டது. இக்காலத்தில் எளிய குடும்பங்களும் அப்பேற்றினை எண்ணிப் பார்க்கின்றன. ஜப்பானை எடுத்துக்கொள்வோம். அந்நாட்டு அரசாங்கம் 1954ஆம் ஆண்டு முதல் அயல்நாட்டு மாணவர்க்குப் புலமைப்பரிசில் வழங்கி வருகின்றது. அங்குக் கற்கும் இலங்கை மாணவன் ஒருவன் பெற்றோரை அழைக்க விரும்பினால், அவர்கள் குறுகிய காலத் தங்கலுக்கான விசாவைப் பெறுதல் வேண்டும். அழைப்புக் கடிதம், தங்கும் நாட்களின் நிகழ்ச்சி நிரல், செலவை ஏற்பவர் யாரென்பதற்குச் சான்று, மாணவனின் வதிவிடச் சான்று ஆகியன கேட்கப்படும். இவற்றோடு, இவன் இன்னாருடைய மகன் என்பதை நிறுவும் பத்திரமும் வேண்டும். பிறப்பத்தாட்சிப் பத்திரமே அது.

ஏனையோர்க்கு இஃதோர் அலுவலகக் காரியம். ஒரு நாள் அலைச்சலோடு முடிந்துவிடும். பதுளை, பசறை, லுணுகலை, அப்புத்தளை, பண்டாரவளை ஆகிய பகுதிகளின் தோட்டங்களிற் பிறந்தோர்க்கோ இந்தப் பத்திரங்களுக்குப் பின்னே ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

ஊவாவின் மலைகளிற் கோப்பியும், பின்னர்த் தேயிலையும் பயிரிடத் தமிழகத்திலிருந்து வந்தோர் கையில் அந்நாளில் இருந்த பத்திரங்கள் எவை? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், செல்ல வேண்டிய தோட்டத்தைக் குறிக்கும் எண் பொறித்த தகர வில்லை அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. கங்காணிக்கு அவர்கள் பட்ட கடனைக் காட்டும் ‘துண்டு’ மற்றொன்று. துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. ஆளின் தோட்டத்தையும் கடனையும் இவை சொல்லினவே யன்றி, ஆள் யாருடைய பிள்ளை என்று சொல்லவில்லை.

ஆயினும் அக்காலத்தில் உறவு அறுபடவில்லை. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பற் சேவை தொடங்கிற்று. 1924இல் புகைவண்டிப் பாதை பதுளையை வந்தடைந்தது. ஊரிலுள்ள முதிய பெற்றோரைக் காணவும், குலதெய்வத்துக்குப் பொங்கலிடவும், மணம் முடிக்கவும் தோட்டத்து மக்கள் கோச்சியேறிப் போய் வந்தனர். இந்தப் போக்குவரவே பின்னர் அவர்களுக்கு எதிரான சான்றாகுமென அன்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் தோட்டத்து மக்கள் வாக்களித்தனர். இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது, பதுளையிலிருந்து எஸ். எம். சுப்பையா பாராளுமன்றம் சென்றார். அடுத்த ஆண்டில் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையிற் பிறந்திருத்தல் மட்டும் போதாதென அச்சட்டம் கூறிற்று. தந்தை இங்குப் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்தவர்கள் என்றோ காட்டுதல் வேண்டும். தாயின் பிறப்பு கணக்கில் எடுக்கப்படவில்லை. லயத்திற் பிறந்து கொழுந்துக் கூடையின் அருகே வளர்ந்தவர்கள் தந்தையின் பிறப்புக்குப் பத்திரம் தேட எங்கே போவார்கள்?

1949இல் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் ஒரு வாயிலைத் திறந்தது. மணமானோர் ஏழாண்டும் ஏனையோர் பத்தாண்டும் இடையறாது இங்கு வதிந்திருத்தல் வேண்டுமென்பது அதன் நிபந்தனை. பன்னிரண்டு மாதங்களுக்கு மேற்பட்டு வெளியே தங்கியிருந்தால் அந்த வதிவு முறிந்ததாகக் கொள்ளப்படும். நோயுற்ற தாயைப் பார்க்க ஊர் சென்று, அவள் மறையும்வரை உடனிருந்து திரும்பிய மகனுக்கும் விதி அதுவே. சுமார் 8 இலட்சத்து 25 ஆயிரம் பேரின் பொருட்டு விண்ணப்பங்கள் செய்யப்பட்டன. அவர்களுள் உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. எஞ்சியோர் நாடற்றவர் எனப்பட்டனர். நாடற்றவர்க்குக் கடவுச்சீட்டு ஏது?

1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும் 3 இலட்சம் பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. மீதி ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. தொகை பிரிக்கப்பட்டபோது குடும்பங்களும் பிரிந்தன. பெற்றோர் ஒரு கரையிலும் பிள்ளைகள் மறு கரையிலும் ஆயினர். மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னார் நோக்கிச் சென்ற வண்டிக்கு மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயரிட்டனர். 1984இற் கப்பற் சேவையும் நின்றது. பின்னர் 1988ஆம் ஆண்டுச் சட்டமும், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் நாடற்ற நிலைக்கு முடிவு கட்டின. 1964 அக்டோபர் 30 முதல் நிலையாக இங்கு வதிந்தோரும் அவர்தம் வழித்தோன்றல்களும் இந்நாட்டுப் பிரசைகளாயினர்.

இத்தனை ஆண்டுகளும் ஊவாவின் தேயிலைக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை. ஜப்பானியர் உலகின் மூன்று சிறந்த தேநீர்கள் எனப் போற்றுவனவற்றுள் டார்ஜீலிங், சீனத்துக் கீமுன் ஆகியவற்றோடு ஊவாவும் ஒன்று. கொழுந்து எளிதிற் கடல் கடந்து அந்நாட்டவர் கோப்பையிற் சேர்ந்தது. அதைக் கிள்ளிய கைக்குரியவள் கடல் கடக்கக் கடவுச்சீட்டுக் கேட்கும் தகுதியைப் பெறவே அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

ஆகையால், ஊவாத் தோட்டத்து மாணவன் ஒருவன் ஜப்பானியப் பல்கலைக்கழகமொன்றில் இடம்பெற்றுத் தன் பெற்றோரை அழைப்பானாயின், அவர்கள் கையிலிருக்கும் சிறு புத்தகம் வெறும் பயணச் சீட்டன்று. ஆயினும் பழைய குறைகளின் நிழல் இன்னும் முற்றாக நீங்கிற்றில்லை. தமிழிற் சொன்ன பெயரை வேற்று மொழியில் எழுதியபோது நேர்ந்த பிழைகள் உண்டு. பிள்ளையின் பத்திரத்தில் தந்தை பெயர் ஒருவிதமாகவும், தந்தையின் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் இருத்தல் உண்டு. விசா கேட்கும் வேளையில் அந்த ஓரெழுத்து வேறுபாடே உறவை ஐயத்துக்குள்ளாக்கலாம்.

பிள்ளை பரீட்சைக்குத் தோற்றும் முன்னரே பெற்றோர் தம் பத்திரங்களை ஒப்புநோக்கி, பிழையிருப்பின் பிரதேச செயலகத்திற் பதிவாளரை அணுகித் திருத்திக்கொள்வது நன்று. படிப்பறியாப் பெற்றோர்க்கு இவ்வகையில் துணைநிற்பது ஆசிரியர்க்கும் உரிய பணி. தந்தையின் பெயரை நிறுவ இயலாமையால் உரிமை இழந்த ஒரு சமுதாயம், அப்பெயரின் ஓரெழுத்தையும் இனி அலட்சியமாக விடலாகாது.