கிருஷ்ணன்கோவிலும் தொலைவின் கணிதமும்

ஸ்ரீவில்லிபுத்தூரைப் பற்றி எழுதப் புகுவோர் பெரியாழ்வாரில் தொடங்கி, ஆண்டாளைப் பாடி, பால்கோவாவில் வந்து நிற்பர். ராஜபாளையம் என்றால் நூற்பாலைகள், குமாரசாமி ராஜா, பிறகு அந்த வெள்ளை நாய். இவற்றில் எதையும் குறைத்துச் சொல்வது நம் நோக்கமன்று. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்து மதுரைச் சாலையில் இருக்கும் கிருஷ்ணன்கோவிலில், உலகக் கணித ஏடுகள் இன்றும் எடுத்தாளும் ஓர் ஆராய்ச்சி நடந்தது. இப்பகுதியின் வரலாறு பேசும் நூல்களில் அதைப் பற்றி ஒரு வரியையும் நாம் கண்டதில்லை. தமிழ் படித்தவர்கள் கணிதம் பேசலாமா என்று கேட்போர் உண்டு. ஊர் வரலாறு நம் துறைதானே.

கிராப் தியரியைத் தமிழில் கோட்டுருவியல் என்கிறார்கள். நல்ல சொல். சில புள்ளிகள், அவற்றை இணைக்கும் கோடுகள், அவ்வளவே கோட்டுரு. கோடு நீளமா குட்டையா என்பது பொருட்டன்று. ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றை அடையக் குறைந்தது எத்தனை கோடுகளைக் கடக்க வேண்டுமோ அதுவே தொலைவு.

கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சிவகிரி என்று தென்காசிச் சாலையின் ஊர்களை வரிசையாக வைத்துக்கொள்வோம். ஒருவன் இவற்றுள் ஏதோ ஓர் ஊரில் ஒளிந்திருக்கிறான். நம் காவலாளுக்கு அவன் எத்தனை ஊர் தள்ளியிருக்கிறான் என்பது மட்டுமே தெரியும். ஆள் கல்லுப்பட்டியில் நின்றால் போதும்: மூன்று என்றால் ராஜபாளையம், ஐயமில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றாலோ, ஒன்று என்பது கிருஷ்ணன்கோவிலாகவும் இருக்கலாம், ராஜபாளையமாகவும் இருக்கலாம். இனி ராஜபாளையத்திலிருந்து பிரியும் சங்கரன்கோவில் சாலையையும் சேர்த்துக்கொண்டால் கல்லுப்பட்டிக்காரருக்கும் குழப்பம் வரும்; நான்கு என்பது சிவகிரியா, சங்கரன்கோவிலா? சிவகிரியில் இன்னோர் ஆளை நிறுத்தினால் தீர்ந்தது. இப்படி எல்லா இடங்களையும் பிரித்தறிய உதவும் ஆட்களின் கூட்டத்தைப் பிரித்தறி கணம் எனலாம். அத்தகைய கூட்டங்களுள் மிகச் சிறியதன் எண்ணிக்கையே அந்தக் கோட்டுருவின் தொலைவுப் பரிமாணம்.

1975இல் பீட்டர் ஸ்லேட்டர் இதை முதலில் எழுதினார். சோனார் கருவிகளையும் கடற்காவல் படையின் லோரன் நிலையங்களையும் எங்கெங்கே வைப்பது என்னும் கேள்வி அவர் மனத்தில் இருந்தது. மறு ஆண்டே பிராங்க் ஹராரியும் ராபர்ட் மெல்டரும், ஸ்லேட்டரைச் சாராமல், இதே கருத்தை எட்டினர். இன்று வழங்கும் பெயர் அவர்கள் வைத்தது. எந்தக் கோட்டுருவைக் கொடுத்தாலும் இந்த எண்ணை விரைவாகக் கண்டுபிடித்துத் தரும் வழி எதுவும் இதுவரை அறியப்படவில்லை. கடினமான கணக்குகளின் பட்டியலாகப் புகழ்பெற்ற கேரி, ஜான்சன் நூலில் 1979லேயே இது இடம்பெற்றுவிட்டது.

இனி ஊருக்குத் திரும்புவோம். விடுதலைப் போராட்ட வீரர் தி. கலசலிங்கத்தின் பெயரில் கிருஷ்ணன்கோவிலில் 1984இல் தொடங்கிய பொறியியல் கல்லூரி, 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. அங்கே மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை உதவியுடன் தனிநிலைக் கணிதத்துக்கென ஒரு தேசிய ஆய்வு மையம் அமைந்தது. அதன் இயக்குநராக இருந்தவர் பேராசிரியர் எஸ். ஆறுமுகம். தென்மாவட்டங்களில் கணித இளங்கலை படித்தவர்களுக்கு அவர் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்ய வேண்டியதில்லை, எஸ். இராமச்சந்திரனுடன் அவர் எழுதிய கோட்டுருவியல் பாடநூல் பலர் கைகளில் தேய்ந்தது. 2012இல் ஆறுமுகமும் வர்கீஸ் மேத்யூவும் 'டிஸ்கிரீட் மேத்தமேட்டிக்ஸ்' ஏட்டில் பின்னத் தொலைவுப் பரிமாணம் குறித்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். கருத்தின் வித்து 2001இல் கரியும் ஓல்லர்மனும் இட்டது. அதை முறையான ஆய்வாக வளர்த்தெடுத்தது கிருஷ்ணன்கோவில் கட்டுரைதான்.

பின்னம் எங்கே வந்தது? ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரோடும் வீதிகளை எண்ணிக்கொள்வோம். நான்கு மூலைகள், நான்கு வீதிகளின் நடு, ஆக எட்டு இடங்கள் வட்டமாக. முழு ஆட்களை நிறுத்துவதானால் இருவர் வேண்டும், அவர்களும் நேரெதிரே நிற்கக் கூடாது. ஆனால் எட்டு இடத்திலும் ஆளை நிறுத்தி, ஒவ்வொருவருக்கும் பொறுப்பில் ஒரு பங்கு மட்டும் கொடுத்தால்? நிபந்தனை ஒன்றுதான். எந்த இரண்டு இடங்களை எடுத்தாலும், அவற்றை வேறுபடுத்திக் காட்டவல்லவர்களின் பங்குகள் கூடி ஒன்றுக்குக் குறையாதிருக்க வேண்டும். எட்டில் அதிகம் போனால் இருவருக்கே வேறுபாடு தெரியாமற்போகும். எப்படியும் ஆறு பேர் எஞ்சுவர். ஆகவே ஆளுக்கு ஆறில் ஒன்று, பழைய நூல்கள் அரசிறையாகச் சொல்லும் அதே பங்கு. மொத்தம் ஒன்றும் மூன்றில் ஒன்றும்.

வியப்பு இனிமேல்தான். இடங்களை ஒன்பதாக்குங்கள். இப்போது எந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில் மயங்குபவர் ஒருவர் மட்டுமே. எட்டுப் பேர் எஞ்சுவதால் ஆளுக்கு அரைக்கால் போதும். மொத்தம் ஒன்றே அரைக்கால். இடம் ஒன்று கூடியது, செலவு குறைந்தது. முந்திரி வரை பின்னங்களுக்குப் பெயர் வைத்த மொழியில் இதைச் சொல்வது எவ்வளவு இயல்பாக இருக்கிறது பாருங்கள்! பத்துப் புள்ளிகளும் பதினைந்து கோடுகளும் கொண்ட புகழ்பெற்ற பீட்டர்சன் கோட்டுருவுக்கு முழு ஆட்கள் மூவர் தேவை. பின்னக் கணக்கில் மூன்றில் ஐந்து போதும். சமச்சீரான கோட்டுருக்களில், புள்ளிகளின் எண்ணிக்கையை, இரு புள்ளிகளை வேறுபடுத்துவோரின் மிகக் குறைந்த எண்ணிக்கையால் வகுத்தாலே விடை வந்துவிடும். முழு எண்ணில் முரண்டு பிடித்த கேள்வி பின்னத்தில் இத்தனை எளிதாக இணங்கியதுதான் அக்கட்டுரையின் அழகு என்பது நம் எண்ணம்.

அக்கல்லூரியின் பெயர்ச் சுருக்கத்தையே தலைப்பில் தாங்கி 2004இல் தொடங்கிய கோட்டுருவியல் ஆய்விதழ் இப்போது டெய்லர் அண்ட் பிரான்சிஸ் வழியாக வெளிவருகிறது. கட்டுரைகள் அனைத்தும் ஆங்கிலத்தில். தொலைவுப் பரிமாணம், பிரித்தறி கணம் என்பவை நாம் இங்கே வைத்துப் பார்த்த சொற்கள். கணிதத் துறை நண்பர்களிடம் இவற்றினும் பொருத்தமானவை இருந்தால் எழுதுங்கள், அவற்றையே கொள்வோம்.