மூன்றாம் பாகத்தின் குறை: ஒரு கடிதத்தை மீண்டும் வாசித்தல்

ஜார்ஜ் எலியட் 1860 ஏப்ரலில் வெளியிட்ட ‘தி மில் ஆன் த ஃப்ளாஸ்’ நாவலைப் பற்றிய வாசக அபிப்பிராயம் நெடுங்காலமாக ஒரே தடத்தில் ஓடிவந்திருக்கிறது. டாமும் மாகியும், அண்ணனும் தங்கையுமாக, ஆலைவீட்டில் வளரும் முதலிரு பாகங்கள் அமரத்துவம் வாய்ந்தவை. மாகி ஸ்டீபனிடம் மனத்தைப் பறிகொடுப்பது முதல் உடன்பிறந்தார் இருவரும் வெள்ளத்தில் மாள்வது வரையிலான மூன்றாம் பாகமோ ஒட்டுப்போட்டது என்பதே அந்த அபிப்பிராயம். 1866இல் ஹென்றி ஜேம்ஸ் முடிவையே நூலின் பெருங்குறையாகக் கண்டார். 1877இல் ஸ்வின்பர்ன் முற்பகுதியை வானளாவப் புகழ்ந்து பிற்பகுதியை வெறுத்தொதுக்கினார்.

இத்தீர்ப்புக்கு ஆசிரியையே ஒப்புதல் அளித்துவிட்டார் என்று அறிஞர்களில் ஒரு சாரார் சாதிக்கின்றனர். அவர்களுடைய ஆதாரம், 1860 ஜூலையில் பெர்ன் நகரிலிருந்து அவர் பதிப்பாளர் பிளாக்வுட்டுக்கு எழுதிய கடிதம். அதை முழுமையாக வாசித்தால் அந்த வாதம் நிலைக்குமா என்பது என் ஐயம்.

நாவலாசிரியர் புல்வர் லிட்டன் எழுப்பிய ஆட்சேபங்களுக்கு விடையாகவே அக்கடிதம் எழுந்தது. ஸ்டீபன்பால் மாகி கொள்ளும் நிலையைக் குறித்த ஆட்சேபத்தை ஆசிரியை ஏற்கவில்லை. அது தம் கருத்தமைப்பின் உயிர்ப்பகுதி என்று உறுதியாக மறுக்கிறார். துன்பமுடிவுக்குப் போதிய ஆயத்தம் இல்லை என்னும் ஆட்சேபத்தையோ ஒப்புக்கொள்கிறார். ஆனால் அதற்குக் கூறும் காரணத்தை அவ்வறிஞர்கள் விரைவாகக் கடந்துவிடுகின்றனர். விஷயத்தின்மீது கொண்ட பிரியத்தால் முதலிரு பாகங்களில் காவிய விரிவுக்குள் இழுத்துச் செல்லப்பட்டதாகவும், அதனால் மூன்றாவது பாகம் அளவுக்கேற்ற நிறைவைப் பெறாமற்போனதாகவும், அதற்காகத் தாம் என்றும் வருந்தப்போவதாகவும் அவர் எழுதுகிறார். இங்கே குற்றவாளிக் கூண்டில் நிற்பது முடிவன்று. வாசகர் உச்சிமேல் வைத்துக் கொண்டாடும் இளம்பருவத்தின் நீளமே. நிறைவு போதவில்லை என்பது ஒன்று. பொய்யாகப் புனைந்தேன் என்பது முற்றிலும் வேறு.

தம் படைப்பைக் குறித்து ஆசிரியரே சொல்வது பிரமாணமாகாது என்பார்க்கு ஒரு வார்த்தை: அப்படியானால் இக்கடிதத்தை அவர்களும் சாட்சிக்கு அழைக்கலாகாது.

வெள்ளம் பின்னர் தோன்றிய உபாயமன்று என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. 1859 ஜனவரியில், முந்தைய நாவலான ‘ஆடம் பீட்’ இன்னும் வெளிவராத நாட்களில், பழைய வெள்ளச் சேதங்களைத் தேடி ஆண்டுப் பதிவேடுகளைப் புரட்டியதாக அவர் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். முதற்பாகம் எழுதி முடிந்தது அவ்வாண்டு அக்டோபரில்தான். ஆகவே, ஆலையருகே விளையாடும் குழந்தைகளை வரைந்தபோதே, அவர்களை விழுங்கப்போகும் நீர் அவருடைய மனத்தில் இருந்தது என்று கொள்வது மிகையாகாது.

இளம்பருவ அத்தியாயங்களை வெறும் இனிமையாகப் படித்ததே வாசகரின் பிழை என்று கருதுகிறேன். ஜாம் வைத்த பணியாரத்தை டாம் இரண்டாக வெட்டுகிறான். கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்த மாகிக்கு நல்ல துண்டு கிடைக்கிறது. அதை அண்ணனுக்கே நீட்டுகிறாள். நியாயம் பேசி அவன் மறுக்கிறான். அவள் தன்னை மறந்து உண்டு முடித்த மறுகணமே, பேராசைக்காரி என்று பழிக்கிறான். விதியை வகுப்பவனும் அவனே, அதன்படி நடந்தவளைத் தண்டிப்பவனும் அவனே. பல ஆண்டுகளுக்குப்பின் ஸ்டீபனைத் துறந்து திரும்பிய தங்கைக்கு வீட்டில் இடமில்லை என்று அவன் சொல்லும்போது, வயது ஏறியிருக்கிறதே ஒழிய, அந்த நீதிமுறையில் ஓரெழுத்தும் மாறவில்லை. அன்று பழி ஏற்றாள். இன்று வீடு இழக்கிறாள். ஆயத்தம் இல்லை என்று பிளாக்வுட்டிடம் ஒப்புக்கொண்டபோது ஆசிரியை தமக்கே சற்று அநீதி இழைத்துக்கொண்டார் என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது.

இதனால் டாமைக் கொடியவனாக்குவதும் தவறே. மாகிக்குக் காட்டிய அதே அன்பும் இரக்கமும் கொண்டே அவனையும் தீட்டியதாக ஆசிரியை 1860 மே மாதத்திலேயே எழுதியிருக்கிறார். நான் அதை அப்படியே நம்புகிறேன். 1857 முதல் 1880 வரை அவருடன் பேச்சற்றிருந்த அண்ணன் ஐசக்கை நினைத்து எழுதிய ஆசைக்கனவே இம்முடிவு என்பாரும் உளர். இருக்கலாம், கனவு எங்கே பிறந்தது என்பதை அது சொல்லுமேயன்றி, கதை அதைத் தாங்குகிறதா என்பதைச் சொல்லாது.

கதை தாங்குகிறது என்பதற்கு வெள்ளத்திடையே வரும் ஒரு சொல் போதும். தன்னைக் காக்கத் தனியே படகு செலுத்தி வந்த தங்கையின் முகத்தை நோக்கி, நெடுநேரம் வாயடைத்திருந்த டாம் கடைசியில் உச்சரிப்பது ‘மாக்ஸி’ என்னும் செல்லப்பெயர். முடிவைப் பொய் என்பவர்கள் மெய் என்று போற்றும் அதே அத்தியாயங்களிலிருந்து வந்த பெயர் அது.