கன்சோல் செய்தி வடிகட்டல்

இணையதளம் உருவாக்கும்போது உலாவியின் கன்சோல் என்ற செய்திப் பலகத்தில் வந்து குவியும் செய்திகளில் அப்போதைக்கு வேண்டியதை மட்டும் காட்டும் முறை. வடிகட்டுவதால் எந்தச் செய்தியும் அழிவதில்லை. வடிகட்டியை எடுத்ததும் எல்லாம் திரும்பத் தெரியும்.

இதன் வேர் உலாவிக்கு முந்தையது. 1980களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன், சென்ட்மெயில் என்ற அஞ்சல் மென்பொருளுக்காக சிஸ்லாக் பதிவுமுறையை எழுதினார். அதில் ஒவ்வொரு செய்தியும் தன் கடுமைத் தரத்தை 0 முதல் 7 வரையான எண்ணால் தானே சொல்லிக்கொண்டு வரும். 0 என்றால் கணினியே முடங்கிய நிலை. 7 என்றால் பிழை தேடுவோருக்கான சிறு குறிப்பு. எழுதும்போதே தரம் குறித்தால்தான் பிறகு தரம் பார்த்துப் பிரிக்க முடியும். வடிகட்டலின் உயிர் இதில்தான் இருக்கிறது.

1995இல் ஜாவாஸ்கிரிப்ட் வந்தபின் பல ஆண்டுகள், ஒரு மதிப்பைப் பார்க்க அலர்ட் பெட்டியே பெரும்பாலோருக்குக் கைகொடுத்தது. ஒவ்வொரு பெட்டியையும் ஓகே அழுத்தி மூடவேண்டும். 2006இல் ஜோ ஹெவிட் ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்காக வெளியிட்ட ஃபயர்பக் என்ற துணைக்கருவி இந்த அவதியை நீக்கியது. லாக், இன்ஃபோ, வார்ன், எரர் என்ற அதன் கன்சோல் ஆணைகளைப் பிற உலாவிகளும் ஏற்றன. 2009இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8இலோ, உருவாக்குநர் கருவி திறக்கப்படாதவரை கன்சோல் என்ற பொருளே இருக்கவில்லை. நீக்க மறந்த ஒரு லாக் வரி பயனரின் பக்கத்தில் ஓடும் நிரலையே நிறுத்திவிட்டது. 2011இல் ஃபயர்ஃபாக்ஸ் 4 சொந்தக் கன்சோலுடன் வந்தது. 2017இல் ஃபயர்பக்கின் காலம் முடிந்தது.

இன்றைய குரோமில் தரத்தாலும் சொல்லாலும் வடிகட்டலாம். சொல்லுக்கு முன் கழித்தல் குறி இட்டால் அச்சொல் உள்ள செய்திகள் மறையும். இரு சாய்கோடுகளுக்கிடையே ரெஜெக்ஸ் எனும் தேடல் கோலம் எழுதலாம். டிபக் என்ற ஆணையின் செய்திகள் இயல்பாகவே மறைந்திருக்கும். இதனால் நிரலே ஓடவில்லை என்று புதியவர்கள் கலங்கக்கூடும்.

தமிழ்ச் செய்திகளை வடிகட்டுவோர் இன்னொன்றையும் அறியவேண்டும். விருதுநகர் மாவட்ட ஊர்ப்பெயர்களைக் கையாளும் தளத்தில் ‘மல்லாங்கிணறு’ என்று தேடினால் சிக்கலில்லை. ‘அருப்புக்கோட்டை’ அப்படியல்ல. அதிலுள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். ஏகாரக் குறியும் துணைக்காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. குறிகளை அப்படியே ஒப்பிடும் தேடலுக்கோ அவை வெவ்வேறு சொற்கள். பழைய எழுத்துருக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும்போது இரண்டாம் வகை நுழைந்துவிடக்கூடும். 2015இன் ஜாவாஸ்கிரிப்ட் தரத்தில் சேர்ந்த நார்மலைஸ் செயற்கூறு இரண்டையும் ஒன்றாக்கும். பதிவிடும் முன்பே அதன் வழியாகச் சொல்லை அனுப்புவது நல்லது. அதற்கு வழியில்லாதபோது, வடிகட்டிப் பெட்டியில் ‘அருப்பு’ என்று மட்டும் இட்டால் இரு வகையும் அகப்படும்.