சங்கம் பிரியலாம், கால்வாய் பிரியுமா?

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் நலச்சங்கத்தைத் தனி வீட்டுக்காரர்களுக்கு ஒன்று, அடுக்குமாடிக்காரர்களுக்கு ஒன்று என்று பிரிக்கப் பேச்சு நடக்கிறது. "சார், இது சரியா?" என்று பலரும் கேட்டீர்கள். சரித்திர வாத்தியாரிடம் கேட்டால் சரித்திரம்தானே வரும்!

1931-இல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் வந்தது. 1937-இல் கிறித்துவக் கல்லூரி இங்கே இடம் மாறியது. பிறகு வயல்கள் மெல்ல மெல்ல மனைகளாயின. ரோடு, தெருவிளக்கு, தண்ணீர் கேட்டு மனு கொடுக்க ஒரு பொதுப்பெயர் தேவைப்பட்டது. நலச்சங்கங்கள் பிறந்தது அப்படித்தான். அவற்றைப் பதிவு செய்ய 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் வந்தது.

பிறகு பழைய வீடுகள் பில்டர் கைக்குப் போய் அடுக்குமாடிகளாயின. லிஃப்ட், ஜெனரேட்டர், கழிவுநீர் சுத்திகரிப்பு என்று அவர்கள் கவலையே வேறு. அவர்களுக்கென்று 1994-இல் ஒரு சட்டம், 2022-இல் புதிய சட்டம். ஆகவே தனிச்சங்கம் கேட்பது குற்றமல்ல.

அரசாங்கமே பிரித்தும் சேர்த்தும் பார்க்கிறது. 1997-இல் செங்கல்பட்டு மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிந்தது. 2019-இல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு மறுபடி தனியானது. ஆனால் 2021-இல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து ஒரே மாநகராட்சியாயின. ஏன்? குடிநீரும் குப்பையும் வடிகாலும் எல்லைக்கோட்டைப் பார்ப்பதில்லை. 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் புகுந்த வெள்ளம், எந்த நகர், எந்தச் சங்கம் என்று கேட்டதா?

எங்கள் தெருவில் தனி வீடுகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். பிள்ளைகள் வெளியூரில். வாட்ச்மேன் சம்பளத்தில் பெரும்பங்கு அடுக்குமாடிச் சந்தாவிலிருந்து வருகிறது. பிரிந்த மறுமாதமே இரவுக்காவல் நின்றுபோகலாம். இதைக் கூட்டத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

எனவே என் யோசனை மூன்று. முதலில் கணக்கைத் தணிக்கை செய்து, இருப்பை மட்டுமல்ல, பாக்கியையும் பங்கிடுங்கள். இரண்டாவது, பொதுக்குழுவில் முறையாக நோட்டீஸ் கொடுத்துத் தீர்மானம் போட்டு, மாவட்டப் பதிவாளரிடம் பதியுங்கள். வாட்ஸ்அப் ஓட்டு செல்லாது. மூன்றாவது, பூங்கா, காவல், மழைநீர்க் கால்வாய் மூன்றுக்கும் இரு சங்கமும் சேர்ந்த ஒரு கூட்டுக்குழுவை எழுத்தில் வையுங்கள். மூன்றாவது இல்லையென்றால் என் ஓட்டு பிரிவினைக்கு இல்லை.

அண்ணன் தம்பி தனிக்குடித்தனம் போகலாம். கிணறு பொதுவில் இருக்கட்டும். உங்கள் பகுதியில் சங்கம் பிரிந்த அனுபவம் இருந்தால் கீழே எழுதுங்கள், கூட்டத்தில் படித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்