வெண்பன்றி வந்த வழி

தமிழ்நாட்டுப் பண்ணைகளில் வளரும் வெண்பன்றியின் பூர்வீகம் இங்கிலாந்தின் யார்க்ஷயர். கீத்லி ஊர் நெசவாளி ஜோசப் டூலி 1851இல் விண்ட்சர் கண்காட்சிக்குக் கொண்டுவந்த பெரிய வெள்ளைப் பன்றிகள் பெயர் பெற்றன. 1868இல் லார்ஜ் ஒயிட் தனி இனமாக ஏற்கப்பட்டது.

இங்கிருந்த நாட்டுப் பன்றி கறுத்தது, சிறியது, மெல்ல வளர்வது. தெருவிலும் குளக்கரையிலும் தானே இரை தேடியது. வெயிலையும் தீனிப் பஞ்சத்தையும் தாங்கியவையே குட்டி ஈன்று வந்ததால் அந்தத் தாங்குதிறன் பரம்பரையில் ஊறியது. மட்டமான இனம் என்று அதை ஒதுக்கியது பெரும் பிழை.

இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் பன்றி வளர்ப்புக்கு அரசு முனைந்தபோது நம்பிக்கை முழுவதும் சீமைப் பன்றிமேல் இருந்தது. 1970-71இல் அகில இந்திய ஒருங்கிணைந்த பன்றி ஆராய்ச்சித் திட்டம் தொடங்கியது. முதற்கட்டத்தில் தூய அயல் இனங்களே ஆராயப்பட்டன. நாட்டினத்தோடு கலப்பது பிறகு வந்தது. பன்றிக்கு வியர்த்து உடல் தணியாது. பெரிய உடம்பு நம் கோடையில் தவித்துப்போகும். கலப்புக்கு அதுவே வலுவான காரணம்.

1989இல் உருவான தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் காட்டுப்பாக்கம் நிலையம் இவ்வழியில் கண்ட பலன் ‘கே.பி.எம். கோல்டு’. முக்கால் பங்கு லார்ஜ் ஒயிட் யார்க்ஷயர், கால் பங்கு நாட்டு இரத்தம். அந்தக் கால் பங்கை விடாமல் வைத்ததே இம்முயற்சியின் அறிவு.

எல்லாக் குணமும் ஒரே வழியில் மேம்படுவதில்லை. ஈற்றுக்கு எத்தனை குட்டி என்பதில் பெற்றோர் வழி இறங்குவது பத்தில் ஒரு பங்களவே. எனவே அதற்குக் கலப்பே கைகொடுக்கும். வளர்ச்சி வேகமும் முதுகுக் கொழுப்பின் தடிமனும் அதைவிட நன்றாக இறங்குபவை. நல்ல ஆண் பன்றியைத் தேர்ந்தெடுத்தால் அடுத்த தலைமுறையிலேயே மாற்றம் தெரியும்.

கொழுப்பைக் குறைக்கும் வேகத்தில் ஐரோப்பா ஒரு கேட்டையும் வளர்த்துவிட்டது. சதைப்பற்று மிகுந்த சில இனங்கள் சந்தைக்கு ஏற்றும் பதற்றத்திலேயே இறந்தன. அவற்றின் இறைச்சி வெளிறி, நீர் கசிந்து, தொளதொளத்தது. இதற்குக் காரணமான மரபணுத் திரிபு 1991இல் கண்டறியப்பட்டது. அதன்பின் சோதனை செய்து அதை விலக்க முடிந்தது.

இனம் நன்றாயிருந்தாலும் தீனி கறியைக் கெடுக்கலாம். தூத்துக்குடிக் கரையில் கிடைக்கும் மீன்தூளும், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் வடகால், தென்கால் வயல்களில் விளையும் நெல்லின் தவிடும் பன்றிக்கு நல்ல தீனிகள். மீன்தூள் மிகுந்தால் கறியில் மீன் வாடை ஏறும். எண்ணெய் எடுக்காத தவிடு மிகுந்தால் கொழுப்பு இளகிப்போகும். ஆகவே அறுப்புக்கு முந்தைய வாரங்களில் மீன்தூளை நிறுத்தி, தவிட்டைக் குறைத்து, தானியத்தைக் கூட்டுவது வழக்கம்.